கிரயம் தள்ளிப்போன 20 மாதத்துக்கு நஷ்டம் கேட்கலாமா? எதை, எப்படி நிரூபிப்பது?

திருமங்கலத்தில் மிளகாய் வற்றல், மல்லி வியாபாரம் செய்யும் நீங்கள் எழுதியதன் சுருக்கம் இது. கப்பலூர் பக்கம் ஒரு கிட்டங்கியை 62 லட்ச ரூபாய்க்கு வாங்க, பதிவு செய்த கிரய ஒப்பந்தம் போட்டீர்கள். முன்பணம் 12 லட்சம். 2024 மார்ச் 10-க்குள் மீதி 50 லட்சத்தைப் பெற்றுக்கொண்டு எழுதிக் கொடுப்பதாகச் சொன்னவர், தங்கை கையெழுத்து வரவில்லை, மூலப்பத்திரம் கிடைக்கவில்லை என்று 20 மாதம் இழுத்தடித்துவிட்டார். கிரயம் செய்து தரச் சொல்லி வழக்குப் போடப் போகிறீர்கள். தாமதத்தால் ஏற்பட்ட நஷ்டத்தையும் சேர்த்துக் கேட்கலாமா என்றால், தெரிந்த ஒருவர் “இடம் வேண்டுமா, இழப்பீடு வேண்டுமா, ஒன்றைத்தான் கேட்க முடியும்” என்கிறார். கேட்க முடியுமானால் எப்படி நிரூபிப்பது என்பது உங்கள் கேள்வி.

முதல் பாதிக்குப் பதில் சுலபம். இரண்டையும் கேட்கலாம். 1963-ஆம் ஆண்டின் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம், 21-ஆவது பிரிவு அதைத் தெளிவாகவே சொல்கிறது. ஒப்பந்தத்தை நிறைவேற்ற உத்தரவிடுவது மட்டும் நீதிக்குப் போதாது, மீறலுக்காக ஓர் இழப்பீடும் தர வேண்டும் என்று நீதிமன்றம் கருதினால் வழங்க வேண்டும் என்பது அதன் மூன்றாம் உட்பிரிவு. 2018-இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டபோது, ‘கூடுதலாக அல்லது பதிலாக’ என்று இருந்த சொற்களில் ‘பதிலாக’ என்பதை எடுத்துவிட்டு ‘கூடுதலாக’ என்பதை மட்டும் வைத்தார்கள். ஆகவே உங்கள் நண்பர் சொன்னது முன்பும் சரியில்லை. 2018 அக்டோபர் 1-இல் திருத்தம் நடைமுறைக்கு வந்த பிறகு சற்றும் சரியில்லை.

ஆனால் ஒரு கண்டிப்பு உண்டு. அதே பிரிவின் ஐந்தாம் உட்பிரிவுப்படி, பிராதில், அதாவது வழக்கு மனுவில், கேட்காத இழப்பீட்டை நீதிமன்றம் தராது. இரக்கப்பட்டுக்கூடத் தர முடியாது. கேட்காத இழப்பீட்டைக் கொடுத்த உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2004-இல் இந்தக் காரணத்துக்காகவே மாற்றியது. விட்டுப்போனால் வழக்கின் எந்தக் கட்டத்திலும் பிராதைத் திருத்திச் சேர்க்க அதே உட்பிரிவு வழி வைத்திருக்கிறது. ‘கிரயம் முடியட்டும், நஷ்டத்துக்குப் பிறகு தனியாக ஒரு வழக்குப் போடுவோம்’ என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் இரண்டாம் ஆணை, இரண்டாம் விதி குறுக்கே வந்து நிற்கும். ஒரே காரணத்திலிருந்து எழும் கோரிக்கைகளை ஒரே வழக்கில் கேட்க வேண்டும் என்பது அந்த விதி.

விற்பவர் தரப்பு வைக்கப்போகும் முதல் வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். “அசையாச் சொத்து ஒப்பந்தத்தில் காலக்கெடு உயிர்நிலை அல்ல, ஆகவே கெடு தாண்டியது மீறலே அல்ல” என்பார்கள். முன்பாதி சரி. நிலம், வீடு விற்பனையில் காலக்கெடு ஒப்பந்தத்தின் சாரம் அல்ல என்று கொள்வதே வழக்கம் என்பதை 1992-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே சொல்லியிருக்கிறது. பின்பாதி தவறு. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 55-ஆவது பிரிவின் இரண்டாம் பத்தியை எடுத்துக் காட்டுங்கள். காலம் சாரமாக இல்லாவிட்டால் ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது, ஆனால் தாமதத்தால் வந்த நஷ்டத்துக்கு இழப்பீடு உண்டு என்கிறது அது. கெடு சாரம் இல்லை என்பதால் கெடுவுக்கு மதிப்பே இல்லை என்று ஆகிவிடாது. இந்த ஒரு பத்தியை எடுத்துக்காட்டாமல் கோட்டைவிட்ட வழக்குகளைப் பார்த்து நான் வருத்தப்பட்டிருக்கிறேன்.

இனி நிரூபிப்பது. இதில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். நஷ்டம் என்றால் கையை விட்டுப்போன எல்லாம் என்று நினைத்துவிடுகிறோம். சட்டம் கேட்பது வேறு. 2024 மார்ச் 10 அன்றே கிரயம் நடந்திருந்தால் இன்று உங்கள் நிலை எப்படி இருந்திருக்கும்? நடக்காததால் இப்போது எப்படி இருக்கிறது? இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவிலுள்ள வித்தியாசமே நஷ்டம். இரண்டு பக்கத்தையும் முழுதாக எழுத வேண்டும். ஒரு பக்கத்தில் உங்களுக்குச் சாதகமானதை மட்டும் எழுதினால் கணக்கு குறுக்கு விசாரணையில் நிற்காது.

நீங்கள் அனுப்பிய தொகைகளையே எடுத்துக்கொள்கிறேன். கூடல் நகரில் எடுத்த வாடகைக் கிட்டங்கிக்கு மாதம் 28,000. சரக்கைத் திருமங்கலத்திலிருந்து அங்கே கொண்டுபோய் வரும் கூடுதல் வண்டிச்செலவு மாதம் 12,000. இரண்டும் சேர்ந்து 20 மாதத்துக்கு 8 லட்சம். வாங்கிய இடத்தில் போடவிருந்த இரும்புக் கொட்டகைக்கு அன்று 8.4 லட்சம் என்று மதிப்பீடு கொடுத்த ஒப்பந்தக்காரர் இன்று 9.9 லட்சம் கேட்கிறார்; வித்தியாசம் 1.5 லட்சம். வங்கிக் கடன் அனுமதி காலாவதியாகி, புதிதாக விண்ணப்பித்தபோது மறுபடியும் கட்டிய கட்டணம் 35,000. ஆக 9,85,000.

இப்போது மறுபக்கம். மீதி 50 லட்சத்தில் 20 லட்சம் உங்கள் சொந்தப் பணம், வங்கியில் 7 சதவீத வட்டிக்கு வைப்பில் இருக்கிறது. 30 லட்சம் வங்கிக் கடனாக, 9 சதவீத வட்டியில் வரவிருந்தது. கிரயம் குறித்த நாளில் நடந்திருந்தால் அந்த 20 லட்சம் விற்பவர் கைக்குப் போயிருக்கும். 20 மாத வைப்பு வட்டி 2,33,333 உங்களுக்கு வந்திருக்காது. 30 லட்சக் கடனுக்கு 20 மாதம் வட்டி கட்டியிருப்பீர்கள், அது 4,50,000. கொட்டகைக்கான 8.4 லட்சமும் இந்த 20 மாதம் உங்களிடமே இருந்தது. 7 சதவீதத்தில் அதன் பயன் 98,000. மூன்றும் சேர்ந்து 7,81,333. கழித்தால் மிஞ்சுவது 2,03,667.

பத்து லட்சத்துக்குப் பக்கத்தில் நின்ற தொகை இரண்டு லட்சமாகச் சுருங்குவதைப் பார்த்து நீங்கள் மனம் தளரலாம். தயவுசெய்து வேண்டாம். விற்பவரின் வக்கீல் இந்தக் கழிவைக் கண்டுபிடிக்க மாட்டார் என்று நம்பி வழக்கு நடத்தக் கூடாது. மேலும் ஒன்று இருக்கிறது. பணத்தோடு தயாராகவும் மனமுவந்தும் இருந்தேன் என்பதை ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் 16-ஆவது பிரிவின்படி நீங்கள் நிரூபித்தாக வேண்டும். அதற்கு நீங்கள் தாக்கல் செய்யும் முதல் ஆவணம் அந்த வைப்புக் கணக்கின் பாஸ்புத்தகம். உங்கள் தயார்நிலையைக் காட்டும் அதே பக்கத்தில் உங்களுக்கு வந்த வட்டியும் அச்சாகியிருக்கிறது. ஒன்றைக் காட்டிவிட்டு மற்றதை மறைக்க இயலாது. நீங்களே பிராதில் கழித்துக் காட்டினால், கணக்கில் நேர்மையானவர் என்ற எண்ணம் நீதிபதிக்கு முதல் நாளே வரும். எனக்குத் தெரிந்தவரை இந்த எண்ணத்தின் மதிப்பு பெரிது. கிரயத்துக்கான உங்கள் மூலக் கோரிக்கைக்கும் அது துணை நிற்கும். நீதிமன்றக் கட்டணமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2017 முதல் 3 சதவீதம். 9,85,000 கேட்டால் 29,550 கட்ட வேண்டும். 2,03,667 கேட்டால் 6,110 போதும்.

முன்பணத்துக்கான வட்டியையும் கேட்டிருந்தீர்கள். 12 லட்சத்தை வட்டிக்கு வாங்கிக் கொடுத்தேன், அந்த வட்டி என் நஷ்டம் என்று. அதே அளவுகோலை வையுங்கள். கிரயம் குறித்த நாளில் நடந்திருந்தாலும் அந்த 12 லட்சம் விலையின் ஒரு பகுதியாகப் போயிருக்கும். வட்டியையும் நீங்களே கட்டியிருப்பீர்கள். அதற்கு ஈடாகக் கிட்டங்கியின் பயன் கிடைத்திருக்கும். அந்தப் பயன் கிடைக்காத நஷ்டத்தைத்தான் வாடகையாக ஏற்கெனவே எழுதிவிட்டோமே. வாடகையும் கேட்டு, முன்பண வட்டியும் கேட்டால் ஒரே நஷ்டத்தை இரு முறை கேட்பதாகும். நிலவிலை ஏறியதையும் கேட்க வேண்டாம். இடமே உங்களுக்கு வரப்போகிறது. ஏறிய விலையும் அதோடு சேர்ந்து வருகிறது. மன உளைச்சலுக்கு 5 லட்சம் என்று போட்டிருந்ததையும் எடுத்துவிடுங்கள். நீங்கள் பட்ட பாட்டைக் குறைத்துச் சொல்லவில்லை. வியாபார ஒப்பந்த மீறலில் அந்தத் தலைப்பு நிற்காது.

அடுத்தது, 12 லட்சம் லாபம் தந்திருக்கும் என்று நீங்கள் சொல்லும் அந்த ஏற்றுமதி ஆர்டர். இதைப் பற்றிச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். 1853-இல் இங்கிலாந்தில் க்ளௌஸ்டர் நகரத்து மாவு மில் ஒன்றின் சுழல்தண்டு உடைந்தது. அதை மாதிரியாகக் காட்டிப் புதிது செய்ய அனுப்பினார்கள். கொண்டுபோன சரக்கு நிறுவனம் தாமதித்ததால் மில் கூடுதலாகச் சில நாள் நின்றது. மில் நின்ற நாட்களின் லாபத்தைக் கேட்டு வழக்கு. நீதிமன்றம் தரவில்லை. மாற்றுத் தண்டு இல்லை, இது வந்தால்தான் மில் ஓடும் என்பது சரக்குக்காரருக்குத் தெரிந்திருக்கவில்லை என்பதே காரணம். ஹாட்லி எதிர் பாக்ஸண்டேல் என்னும் அந்த வழக்கின் விதி நம் ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆவது பிரிவில் அப்படியே வாழ்கிறது. மீறலால் இயல்பாக விளையும் நஷ்டம் கிடைக்கும்; ஒப்பந்தம் செய்தபோதே இரு தரப்புக்கும் தெரிந்திருந்த விசேஷ நஷ்டம் கிடைக்கும்; தொலைதூர நஷ்டம் கிடைக்காது. அந்தப் பிரிவின் கீழுள்ள உதாரணம் ஒன்று உங்கள் நிலைக்கு வெகு நெருக்கம். மில் நின்றுகிடப்பதைச் சொல்லியே இயந்திரத்தை ஒப்படைக்கிறார் ஒருவர், சரக்குக்காரர் தாமதிக்கிறார், அதனால் அரசாங்க ஒப்பந்தம் ஒன்று கைநழுவுகிறது. மில் ஓடியிருந்தால் கிடைத்திருக்கும் சராசரி லாபம் அவருக்கு உண்டு; அந்த அரசாங்க ஒப்பந்தத்தின் லாபம் இல்லை.

ஒப்பந்தம் எழுதிய அன்று அந்த ஆர்டரைப் பற்றி விற்பவருக்குத் தெரியுமா? தெரியும் என்றால் எதில் இருக்கிறது? ஒப்பந்தத்தில் ஒரு வரி, அன்றைக்கு முன் அனுப்பிய ஒரு வாட்ஸ்அப் செய்தி, உடனிருந்த தரகரின் சாட்சியம், ஏதாவது ஒன்று வேண்டும். நீங்கள் அனுப்பிய செய்திகளைப் பார்த்தேன். ஆர்டர் பற்றிய முதல் செய்தி 2024 ஜூனில்தான் இருக்கிறது. ஒப்பந்தத்துக்குப் பல மாதம் பிந்தியது. என் கருத்தில் அந்த 12 லட்சத்தை விட்டுவிடுங்கள். மாறாக, கிட்டங்கியாகப் பயன்படுத்தவே வாங்குகிறீர்கள் என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. வேறு கிட்டங்கிக்கு வாடகை கொடுக்க நேரும் என்பது அதிலிருந்து இயல்பாகவே விளைகிறது. அதை யாரும் தொலைதூர நஷ்டம் என்று தள்ள முடியாது.

மாட்டுத்தாவணியில் பூ வியாபாரம் செய்த ஒருவர் பல வருடங்களுக்கு முன் என்னிடம் வந்தார். கடை கிரயம் தள்ளிப்போனதால் ‘வியாபார நஷ்டம் 15 லட்சம்’ என்று ஒரே வரியில் கேட்டு வேறொருவர் பிராது போட்டிருந்தார். குறுக்கு விசாரணையில் மூன்றே கேள்விகள். அந்த வருடம் வருமான வரிக் கணக்கில் எவ்வளவு லாபம் காட்டினீர்கள்? அதற்கு முந்தைய வருடம்? இந்த 15 லட்சம் எப்படி வந்தது? மூன்றாவதற்கு அவரிடம் பதில் இல்லை. முதல் இரண்டுக்கும் அவர் சொன்ன பதில்கள் அவரையே கவிழ்த்தன. உண்மையில் அவருக்கு நஷ்டம் இருந்தது. தினமும் விடியற்காலையில் வாடகை வண்டியில் பூவை வேறு கடைக்குக் கொண்டுபோன செலவு உண்மையான செலவு. அதற்கு ஒரு சீட்டும் வைத்துக்கொள்ளவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம்தான்.

ஆகவே தாள்களைப் பற்றிச் சொல்கிறேன். கூடல் நகர் வாடகையை வங்கி வழியாகக் கொடுத்திருந்தால் கணக்கு அறிக்கையே போதும். ரொக்கமாகக் கொடுத்த மாதங்களுக்கு ரசீதும், கிட்டங்கி உரிமையாளரின் நேரடிச் சாட்சியமும் வேண்டும். அந்த வாடகை அந்தப் பகுதியின் நடப்பு வாடகைதானா என்றும் கேட்பார்கள். நஷ்டத்தைக் குறைக்க உங்களால் இயன்றதைச் செய்தீர்களா என்பதை 73-ஆவது பிரிவின் விளக்கம் பார்க்கச் சொல்கிறது. திருமங்கலத்திலேயே கிட்டங்கி தேடினீர்கள், கிடைக்கவில்லை என்பதற்குத் தரகரோடு பேசிய செய்திகள் இருந்தால் எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் 12,000 ரூபாய் வண்டிச்செலவு முழுவதும் கேள்விக்குள்ளாகும். வண்டிச்செலவில் எடைச் சீட்டு, லாரி வாடகைச் சீட்டு, உங்கள் பேரேட்டின் அன்றன்றைய பதிவு மூன்றும் ஒத்துப்போக வேண்டும். வழக்குக்காக இப்போது உட்கார்ந்து எழுதிய மொத்தப் பட்டியலைவிட, அன்றன்று எழுதிய கிறுக்கல் கையெழுத்துப் பேரேடு பத்து மடங்கு பெறும்.

கொட்டகை மதிப்பீடுகள் இரண்டும் ஒரே அளவு, ஒரே இரும்புக் கனம், ஒரே தகடு என்று இருக்க வேண்டும். இருப்பதிலேயே பலவீனமான தலைப்பு இதுதான் என்பதையும் மனத்தில் வையுங்கள். ஒப்பந்தக்காரர் வந்து சாட்சி சொல்ல மாட்டார் என்றால் இதைக் கழற்றிவிடுவது நல்லது. வாட்ஸ்அப் செய்திகளை அச்சடித்துக் கொடுத்தால் மட்டும் போதாது. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழ் இணைக்க வேண்டும். கைப்பேசியை மாற்றிவிடாதீர்கள்.

நஷ்டக் கணக்கு எந்த நாளில் தொடங்குகிறது என்பதிலும் கவனம் தேவை. கெடு முடிந்த நாள் மட்டும் போதாது. அன்று நீங்கள் பணத்தோடு தயாராக இருந்திருக்க வேண்டும். உங்கள் வங்கிக் கடன் அனுமதிக் கடிதம் 2024 ஏப்ரல் 2 தேதியிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் மார்ச் 10-க்கும் ஏப்ரல் 2-க்கும் நடுவே உங்கள் பக்கமும் முழுதாகத் தயாரில்லை என்பார்கள். அந்தச் சில வாரங்களுக்காக மல்லுக்கட்டாமல் ஏப்ரல் 2-இலிருந்தே கணக்கைத் தொடங்குங்கள். மேலே நான் போட்ட தொகைகளையும் அதற்கேற்பத் திருத்திக்கொள்ளுங்கள்.

வாங்குபவர் பேசாமல் இருப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு நம் மதுரை நகரத்து வீடு ஒன்றே சாட்சி. 1978 டிசம்பரில் 60,000 ரூபாய்க்கு ஒப்பந்தம், முன்பணம் 5,000, கெடு ஆறு மாதம். வாங்குபவர் சுமார் இரண்டரை வருடம் சும்மா இருந்துவிட்டு வழக்குப் போட்டார். அதற்குள் விலை பல மடங்கு ஏறியிருந்தது. 1997-இல் உச்ச நீதிமன்றம் கிரயம் செய்து தர உத்தரவிட மறுத்தது. 2018 திருத்தத்துக்குப் பிறகு நீதிமன்றத்தின் விருப்புரிமை குறைந்திருக்கிறது என்பது உண்மை. தயார்நிலையை நிரூபிக்கும் பொறுப்பு மட்டும் குறையவில்லை. நீங்கள் 2024 மே மாதமே வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது புத்திசாலித்தனம். வழக்குக்கான காலவரையறை கெடு நாளிலிருந்து மூன்று வருடம், அதாவது 2027 மார்ச் வரை இருக்கிறது. ஆனால் அதுவரை காத்திருக்க ஒரு காரணமும் இல்லை.

உங்கள் ஒப்பந்தத்தின் எட்டாவது ஷரத்தில் ‘தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய்’ என்று இருக்கிறது. அது இருப்பதால் நிரூபிக்கும் வேலை மிச்சம் என்று எண்ண வேண்டாம். ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவுப்படி அந்தத் தொகை ஓர் உச்சவரம்பு. அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். நஷ்டத்தை நிரூபிக்க முடிகிற இடத்தில் நிரூபிக்கத்தான் வேண்டும் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. 20 மாதத்துக்கு அந்த ஷரத்துப்படி ஏறத்தாழ 3 லட்சம் வருகிறது. உங்கள் நிகர நஷ்டம் அதற்குள்ளேயே அடங்குகிறது. இது உங்களுக்கு நல்லது. இரு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட அளவுக்குள் நின்று, கணக்கும் காட்டிக் கேட்கிறீர்கள். பிராதில், வழக்குத் தாக்கல் நாள் வரையிலான தொகையைத் தனியாகவும், அதன் பிறகு கிரயம் முடிந்து இடம் கைக்கு வரும் நாள் வரை மாதத்துக்கு இவ்வளவு என்பதைத் தனியாகவும் கேளுங்கள். அந்த மாதத் தொகை, கொட்டகைக் கணக்கை இரு பக்கமும் விட்டுவிட்டுப் பார்த்தால், 40,000 செலவில் மீதி 50 லட்சத்தின் வட்டிப் பயன் 34,167 போக, 5,833. சிறிய தொகைதான். வழக்கு நான்கைந்து வருடம் ஓடினால் அது சிறிதாக இருக்காது. நீங்கள் கேட்டு வாங்கும் வாய்தாக்கள் இந்தக் கணக்கிலிருந்து கழிக்கப்படலாம் என்பதால், தேவையின்றி வாய்தா வாங்காதீர்கள்.

இன்னொன்று, பலரும் கோட்டைவிடும் இடம். வழக்கு நடக்கும்போது விற்பவர் இறங்கிவந்து, “நாளைக்கே சார்பதிவாளர் அலுவலகம் வாருங்கள், எழுதித் தருகிறேன்” என்பார். உங்களுக்கு வரும் மகிழ்ச்சியில் நஷ்டக் கணக்கு மறந்துபோகும். காலம் சாரமாக இருந்த ஒப்பந்தத்தில், கெடு கடந்து வரும் நிறைவேற்றத்தை ஏற்றுக்கொள்பவர், ஏற்கும் அந்த நேரத்திலேயே இழப்பீடு கேட்கும் எண்ணத்தை அறிவிக்காவிட்டால் பிறகு கேட்க முடியாது என்கிறது 55-ஆவது பிரிவின் மூன்றாம் பத்தி. உங்கள் ஒப்பந்தத்தில் காலம் சாரமா இல்லையா என்ற வாதம் எந்தப் பக்கம் போனாலும், பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் இரண்டு வரிக் கடிதம் ஒன்றை விற்பவரிடம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். ‘தாமதத்தால் எனக்கு ஏற்பட்ட நஷ்டத்துக்கான உரிமையை விட்டுக்கொடுக்காமல் இந்தக் கிரயத்தைப் பெற்றுக்கொள்கிறேன்’ என்று எழுதினால் போதும். வாங்க மறுத்தால் அன்றே பதிவுத் தபாலில் அனுப்பி, வாட்ஸ்அப்பிலும் போட்டுவிட்டுப் பிறகு உள்ளே போங்கள். அந்தக் கடிதத்தை இப்போதே எழுதி, தேதி மட்டும் போடாமல், மூலப் பத்திரங்களோடு ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.